சேலத்துச் சமவெளியில் தத்துவ போதகர்: எதிர்ப்பின் நடுவே சத்தியத்துக்கு உண்மையாயிருத்தல்

சத்தியத்தைப் பேசியதன் பொருட்டு எதிர்ப்புக்குள்ளான ஊழியர் யாவர் என்று கேட்டால், நமது இறையியல் மாணவர் எரேமியாவையும், யோவான் ஸ்நானனையும், ஸ்தேவானையும் சொல்வர். திருச்சபை வரலாற்றைக் கற்றோர் லுத்தரையும், தரங்கம்பாடிச் சிறையிலிருந்த சீகன்பால்கு ஐயரையும் சேர்த்துக்கொள்வர். சேலம், நாமக்கல் பகுதிச் சமவெளியில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்து திரிந்த ஒருவரை இவ்வரிசையில் வைப்போர் நம்மிடையே மிகச் சிலரே. தமது சொந்தத் திருச்சபையின் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் குற்றம் சாட்டப்பட்டு நின்ற அம்மனிதர், இராபர்ட் தே நோபிலி என்னும் தத்துவ போதகர்.

அவர் ரோமன் கத்தோலிக்க இயேசு சபைத் துறவி. நாமோ சீர்திருத்தத் திருச்சபையின் மரபில் வந்தவர்கள். எனினும் அவர் வரலாறு நமக்கு அயலானதன்று. சத்தியத்தைப் பேசுகிறோம் என்று நாம் கருதும்போது எதைப் பேசுகிறோம், எதைப் பேசாது விடுகிறோம் என்னும் வினாவை அது நம்முன் வைக்கிறது. எதிர்ப்பு வந்தவுடன் அதனையே நமது உண்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் எளிய மனப்பான்மையையும் அது சோதிக்கிறது. ஆகவே இவ்வரலாற்றை முதலில் சுருங்கக் கூறி, பின்னர் அதனை நிறுத்துப் பார்ப்போம்.

1. மதுரையில் எழுந்த வழக்கு

நோபிலி 1577-ஆம் ஆண்டு இத்தாலிய உயர்குடி ஒன்றில் பிறந்தார். 1605-இல் கோவா வந்து சேர்ந்து, 1606 நவம்பரில் மதுரையை அடைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் மூத்த துறவி பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கு அவர் நல்ல மேய்ப்பர். ஆயினும் மதுரை மக்களில் ஒருவரும் அவர் வழியாகக் கிறிஸ்துவண்டை வந்திலர்.

இதற்குக் காரணத்தை நோபிலி ஒரு சொல்லில் கண்டார். ‘பரங்கி’ என்பதே அச்சொல். மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், தூய்மை அறியாதவன் என்றெல்லாம் போர்த்துக்கீசியரைக் குறித்து மக்கள் கொண்டிருந்த எண்ணம் அச்சொல்லில் அடங்கியிருந்தது. அக்காலத்தில் திருமுழுக்குப் பெற வந்தவனை நோக்கி, பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமும் இருந்தது. கிறிஸ்துவைப் பற்றிக்கொள்வதும் ஓர் அந்நிய இனத்தின் குலத்தில் நுழைவதும் ஒன்றே என்று மிஷனெரிகளே கற்பித்தனர் என்று சொல்லவேண்டும்.

இது பொய் என்று நோபிலி உணர்ந்தார். கிறிஸ்தவராவதற்கு ஒருவன் போர்த்துக்கீசியனாக வேண்டுவதில்லை என்பதே அவர் பற்றிக்கொண்ட சத்தியம். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் புறவினத்தாரைக் குறித்துத் தீர்மானித்ததும் இதுவே (அப்போஸ்தலர் 15). ஆகவே அவர் காவியுடை அணிந்து, மரக்கறி உணவு உண்டு, தனிக் குடிலில் வாழ்ந்து, தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் கற்றார். அவருக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் என்னும் பிராமணர் பின்னர் திருமுழுக்குப் பெற்றார். அவரும் அவரையொத்தோரும் பூணூலையும் குடுமியையும் களையாமலே சபையில் சேர்க்கப்பட்டனர். அதிலிருந்தே வழக்கு எழுந்தது.

2. கோவா முதல் ரோமாபுரி வரை

முதல் எதிர்ப்பு அண்டை வீட்டிலிருந்து வந்தது. 1610-இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். பூணூல் விக்கிரக வழிபாட்டின் அடையாளம் என்றும், சந்தனம் தரிப்பதும் சடங்கு நீராடலும் மூடநம்பிக்கை என்றும், நோபிலி மற்றக் கிறிஸ்தவரோடு கலவாது வாழ்வது சபையை இரண்டாகப் பிளப்பது என்றும் அதில் குற்றஞ்சாட்டினார். கொடுங்கலூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் நோபிலியை ஆதரித்தார். ஆனால் இயேசு சபையின் உள்ளூர் மேலதிகாரம் கைமாறியதும் நிலைமை மாறியது. அவரது பணிமுறைக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. ரோமாபுரியில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த அவருடைய உறவினராகிய கர்தினால் பெல்லார்மின்கூட, தமக்கு எட்டிய செய்தியை நம்பி அவரைக் கண்டித்து எழுதினார். 1616-இல் கலிலேயோவுக்குத் திருச்சபையின் தடையை அறிவித்த பெல்லார்மின் இவரே.

இந்நிலையில் நோபிலி செய்தவற்றை நமது மாணவர் கவனித்தல் வேண்டும். அவர் கீழ்ப்படிதலை உதறி வெளியேறவில்லை. தமது கருத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. விடை எழுதினார். 1613-இலும் 1619-இலும் அவர் இலத்தீனில் எழுதிய விளக்கங்கள், இந்நாட்டு வழக்கங்களைச் சமயம் சார்ந்தவை, சமுதாயம் சார்ந்தவை என்று பகுத்தறிய முயன்ற பெருநூல்கள். வடமொழிச் சாத்திரங்களிலிருந்து மேற்கோள் காட்டி, பிராமண அறிஞர் பலரின் சாட்சியங்களைத் திரட்டி, ஆதித் திருச்சபைப் பிதாக்கள் ரோம, கிரேக்க வழக்கங்களை நடத்திய முறையோடு ஒப்பிட்டு, தமது வழக்கை ஒவ்வொரு படியாக நிறுவினார். குற்றஞ்சாட்டியவர் கூற்றை மறைக்காமல் முன்வைத்து, அதற்கே விடை கூறினார். இதுவும் சத்தியத்துக்கு உண்மையாயிருக்கும் ஒரு வகையே. உரத்துப் பேசுவதைக் காட்டிலும் இது கடினமானது.

1619 பிப்ரவரியில் கோவாவில் ஒரு மாநாடு கூடியது. பேராயர் கிறிஸ்தோவாவோ தே சா தலைமை தாங்கினார். கூடியிருந்தோரில் பெரும்பாலோர் நோபிலிக்கு எதிராகவே வாக்களித்தனர். ஆயினும் சமய விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்தா என்பவர் ஆவணங்களை நுணுகி ஆராய்ந்து, அவருக்குச் சார்பாகத் தீர்ப்பெழுதினார். கடுமைக்குப் பெயர்பெற்ற ஒரு மன்றத்திலிருந்து நியாயம் பிறந்தது வியப்புக்குரியது. வழக்கு ரோமாபுரிக்குச் சென்றது. பெல்லார்மினும் விளக்கங்களைப் படித்து மனம் மாறினார். 1623 ஜனவரி 31-ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரி பாப்பு விடுத்த ஆணை, விக்கிரக வழிபாட்டுச் சார்பை நீக்கிய பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நீராடலையும் அனுமதித்தது. அவ்வாணையின் இறுதிப் பகுதியை நாம் பின்னர் காண்போம். நமது பொருளுக்கு அதுவே முக்கியமானது.

3. சேந்தமங்கலமும் சேலமும்

அதே 1623-ஆம் ஆண்டில்தான் நோபிலி மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கோவா வந்து சேர ஆறு மாதமோ அதற்கு மேலோ செல்லும். எனவே தீர்ப்பைக் கையில் கொண்டு, வெற்றி பெற்றவராக அவர் இச்சமவெளிக்குள் வரவில்லை என்றே கொள்ளவேண்டும். தம்மைத் திருச்சபை ஏற்குமா, தள்ளுமா என்று அறியாத நிலையிலேயே, நாற்பத்தைந்து வயதைக் கடந்த அத்துறவி திருச்சிராப்பள்ளி வழியாகக் காவிரியைக் கடந்து வந்தார்.

கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று அது மதுரை நாயக்கருக்கு உட்பட்ட இராமச்சந்திர நாயக்கரின் ஆட்சியில் இருந்தது. அவர் நோபிலியை மரியாதையுடன் வரவேற்றார். சேந்தமங்கலத்திலிருந்து அவர் சேலம் சென்றார். அங்கே வரவேற்பு அவ்வாறு அமையவில்லை. ஊரில் அவருக்கு இடம் கொடுப்பார் இல்லை. பல நாள் திறந்த சாவடியில் தங்கி, நோயுற்று வருந்திய பின்னரே வீடு கிடைத்தது. கோவாவின் மாநாட்டு மண்டபத்தில் அவரைப் பேராயர் மறுத்தார். சேலத்துத் தெருவில் பெயரறியாத மக்கள் மறுத்தனர். முன்னதில் அவர் கிறிஸ்தவர்தாமா என்று ஐயுற்றனர். பின்னதில் அவர் பரங்கிதானோ என்று ஐயுற்றனர். இரு பக்கத்தாரும் ஐயுற்ற ஒரே மனிதர் இரண்டு ஐயங்களையும் சுமந்துகொண்டு அச்சாவடியில் கிடந்தார்.

சேலத்தில் அவருடைய போதனையைக் கேட்டவர்களுள் திருமங்கல நாயக்கர் ஒருவர். சேலத்தை ஆண்ட நாயக்கரின் தமையனாகிய இவர், ஆட்சியுரிமையை இளவலிடம் இழந்திருந்தார். 1625-இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். அரச குடும்பத்தான் ஒருவன் அந்நியச் சமயத்தைத் தழுவுவது எளிய செயலன்று. சேலத்துக்கு அண்மையிலுள்ள மோரமங்கலம் இக்குடும்பத்தைச் சார்ந்து ஒரு கிறிஸ்தவ நிலையமாக உருவாயிற்று. பின்வந்த குருமாரின் கடிதங்களில் அவ்வூரின் பெயர் அடிக்கடி வருகின்றது. 1930-இல் நிறுவப்பட்ட சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் தன் வேர்களைத் தேடும்போது இந்நாட்களையே சுட்டுகின்றது.

அரசியல் பாதுகாப்புக்காகப் போதனையைத் தளர்த்தினார் என்று அவர்மீது குற்றம் சாட்ட இயலாது. ஆன்மாவின் இயல்பை ஆராயும் ‘ஆத்தும நிர்ணயம்’, மறுபிறப்புக் கொள்கையை மறுக்கும் ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’, கிறிஸ்தவத்தின்மேல் சுமத்தப்பட்ட பழிகளுக்கு விடை கூறும் ‘தூஷண திக்காரம்’ ஆகிய நூல்கள் தமிழில் எழுந்தன. உடையில் இந்நாட்டவராகத் தோன்றியவர், உபதேசத்தில் இந்நாட்டு அறிஞர் ஒப்பாதவற்றை அவர்கள் மொழியிலேயே மறைக்காமல் கூறினார். ‘ஞானோபதேசம்’ என்னும் பெருநூலும் அவருடையதே. அவர் கையாண்ட ‘சர்வேசுரன்’ என்னும் சொல் சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாட்டிலும் இடம்பெற்றது. பின்னரே பப்ரீஷியஸ் ஐயர் ‘பராபரன்’ என்றும், அடுத்து வந்தோர் ‘தேவன்’ என்றும், ‘கடவுள்’ என்றும் மாற்றினர்.

4. சிறையும் முதுமையும்

1640-இல் மதுரையில் நோபிலி கைது செய்யப்பட்டார். உடைமைகள் பறிக்கப்பட்டன. அறுபது வயதைக் கடந்து, கண்பார்வையும் மங்கிய நிலையில் அவர் சிறையிலிருந்தார். விடுதலைக்குப் பின் சில ஆண்டுகள் மதுரைப் பகுதியில் பணியாற்றி, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். இறுதியாக மயிலாப்பூர் வந்து, 1656 ஜனவரி 16-ஆம் நாள் மறைந்தார்.

அவருடைய முறை அவருக்குப் பின்னும் வழக்கிலிருந்து நீங்கவில்லை. 1704-இல் தூர்னோன் என்னும் பாப்புவின் தூதர் புதுச்சேரியில் அதற்குத் தடை விதித்தார். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பு இறுதித் தீர்ப்பு வழங்கினார். நோபிலியின் ஒரு மனிதப் பணி நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்காயிற்று. தமது சத்தியம் தம் வாழ்நாளிலேயே நிலைநாட்டப்படும் என்று எதிர்பார்க்கும் ஊழியருக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

5. சொன்ன சத்தியமும் சொல்லாது விட்டதும்

இதுவரை நாம் கூறியது ஒரு வீர வரலாறு. இவ்வளவில் நிறுத்தினால் நாமே சத்தியத்தில் பாதியை மறைத்தவர்களாவோம்.

நோபிலி மதுரையில் ஓர் அறிக்கையை ஓலையில் எழுதி வெளியிட்டார். தாம் பரங்கி அல்லர் என்றும், பரங்கியர் நாட்டில் பிறந்தவர் அல்லர் என்றும், ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தவர் என்றும் அதில் கூறினார். ஒவ்வொரு கூற்றும் சொல்லளவில் உண்மையே. ஆனால் அதே நகரில், அதே கிறிஸ்துவின் பேரால் திருமுழுக்குப் பெற்ற பரதவர், ‘பரங்கி’ மார்க்கத்தார் என்று இகழப்பட்டு வாழ்ந்தனர். நம் குரு எங்களைச் சேர்ந்தவர் அல்லர் என்று அவ்வோலை அவர்கள் காதில் ஒலித்திருக்கும். பெர்னாண்டஸின் முறையீட்டில் பொறாமை இருந்தது என்று பலர் எழுதியுள்ளனர். இருக்கலாம். ஆனால் அதில் ஒரு மேய்ப்பனின் காயமும் இருந்தது. அவர் ஆடுகள் இழிவாய் எண்ணப்பட்டன.

சாதி என்பது சமுதாய ஒழுங்கே, சமயத்துக்கு உரியதன்று என்னும் கருத்தின்மேல் நோபிலியின் வாதம் முழுவதும் நின்றது. பூணூலைக் காக்க இவ்வாதம் பயன்பட்டது. ஆனால் அப்பூணூல் அணிந்தோன் தன் சகோதரனோடு ஒரே கூரையின்கீழ் ஆராதிக்க மறுத்தபோது, அது சமுதாய ஒழுங்கு என்று சொல்லி விட்டுவிட முடியுமா? உயர்சாதிக் கிறிஸ்தவருக்கு ஒரு கோயிலும் மற்றோருக்கு வேறொரு கோயிலும் மதுரையில் எழுந்தன. 1640-ஆம் ஆண்டுக்குப் பின் பண்டாரச் சாமிகள் என்னும் வேறொரு குருமார் வகுப்பு ஏற்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களிடமும் செல்லக்கூடியவர்களாக பல்தசார் தா கோஸ்தா முதலியோர் அவ்வேடம் பூண்டனர். அவர்களுடைய உழைப்பால் பெருந்திரளான எளியோர் சபையில் சேர்ந்தனர். ஆயினும் ஒரே சபைக்கு இரண்டு வகைக் குருமார் தேவைப்பட்டதே சபையின் உள்ளிருந்த பிளவுக்குச் சான்றாக நின்றது.

இனி, நாம் மேலே ஒதுக்கிவைத்த 1623-ஆம் ஆண்டு ஆணையின் இறுதிப் பகுதிக்கு வருவோம். உயர்குடிப் பெருமை கொண்டோர் தாழ்ந்தோரை இகழலாகாது என்றும், திருவசனத்தைக் கேட்பதிலும் அருட்சாதனங்களைப் பெறுவதிலும் அவர்களை விட்டுப் பிரிந்து நிற்கலாகாது என்றும், கிறிஸ்துவின் தாழ்மையை நினைவூட்டி பாப்பு அதில் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பூணூலை அனுமதித்த பகுதி ஆணையாக நிறைவேறியது. சகோதரத்துவத்தைக் கோரிய பகுதி வேண்டுகோளாகவே நின்றுவிட்டது. திருச்சபை தனக்கு இசைவான பாதியைச் சட்டமாகவும், இசையாத பாதியை ஆலோசனையாகவும் எடுத்துக்கொள்வது அன்று தொடங்கியதன்று, அன்றோடு முடிந்ததுமன்று.

திருமறையில் இரண்டு பகுதிகளை இங்கே அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் நலம். 1 கொரிந்தியர் 9-இல் பவுல் எல்லாருக்கும் எல்லாமானதைப் பேசுகிறார். கலாத்தியர் 2-இல் அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியபோது, அதே பவுல் அவரை முகமுகமாய் எதிர்க்கிறார். முதற் பகுதி நோபிலிக்குச் சார்பாகச் சாட்சி கூறும். இரண்டாம் பகுதி அவரை வினவும். பிறர் பண்பாட்டை மேற்கொள்வதற்கு எல்லை எது என்பதை இவ்விரு பகுதிகளும் சேர்ந்தே காட்டுகின்றன. பந்தி பிளக்கும் இடமே அவ்வெல்லை. பேதுருவும் தம்மைப் பொறுத்தமட்டில் ஒரு வழக்கத்தையே காத்தார். பவுலோ அதனைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடையன்று என்று கண்டார்.

6. நமது மரபின் பொய்ச்சாட்சி

நோபிலியை வினவும் நமக்கும் ஒரு வினா உண்டு. ஒன்பதாம் கற்பனையைக் குறித்தது அது.

நோபிலி ஒரு பழைய தோற்சுருளைப் பொய்யாகப் புனைந்து, தம் சபையார் பிரமனின் வழித்தோன்றல்கள் என்று காட்டினார் என்னும் கதை, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லுத்தரன் வரலாற்றாசிரியர் மோசைமின் நூல் வழியாகச் சீர்திருத்தத் திருச்சபையாரிடையே பரவியது. ‘எசுர்வேதம்’ என்னும் போலி நூலும் அவர் தலையில் சுமத்தப்பட்டது. பிரான்சில் வோல்டேர் அந்நூலை மெய்யான பழம் வேதம் என்று நம்பிப் போற்றினார். 1778-இல் அது அச்சேறியது. எல்லிஸ் துரை அதன் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1822-இல் வெளியான கட்டுரை, நோபிலியின் பெயரை அதனோடு இணைத்தது. பின்வந்த ஆய்வுகள் அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபையாரிடையே எழுந்தது என்று தெளிவாக்கியுள்ளன. லூடோ ரோஷேர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் விரிவானது. நோபிலி மறைந்து நெடுங்காலத்துக்குப் பின் எழுந்த நூலுக்கு நோபிலி பொறுப்பாளியாக முடியாது.

காணாமற்போன ஒரு வேதத்தை மீண்டும் கொணர்ந்ததாக அவர் பேசியது உண்மையே. அவ்வாறு பேசியது அத்தேனே பட்டணத்தில் அறியப்படாத கடவுளைச் சுட்டிய பவுலின் முறையா, அல்லது கேட்போரைத் தவறாக எண்ணவிட்ட உத்தியா என்று நாம் வாதிடலாம். ஆனால் வாதிடுவது வேறு. அவர் செய்யாத மோசடியைச் செய்தார் என்று சாதிப்பது வேறு. அவருடைய தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த ச. இராசமாணிக்கம் அடிகளாரின் உழைப்புக்குப் பின், அறியாமை நமக்குச் சாக்காக இருக்க இயலாது. சத்தியத்துக்காகப் பழி சுமந்த ஒருவர்மீது பழி சுமத்திய பக்கத்தில் நமது முன்னோரும் நின்றனர் என்பதை ஒப்புக்கொள்வதும் சத்தியத்தைப் பேசுதலே.

7. நமது சபைகளின் கணக்கு

நோபிலி சொல்லாது விட்டதை நமது மரபு சொல்லிற்றா? 1708-இல் சீகன்பால்கு ஐயர் ஓர் ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டதால், தரங்கம்பாடித் தளபதி ஹாசியஸ் அவரைச் சிறையிலிட்டார். நான்கு மாதம் அவர் அடைபட்டிருந்தார். அந்தத் துணிவு நமது மரபின் மாண்பு. ஆனால் அதே தரங்கம்பாடிச் சபையில் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் நிலைத்தது. 1733-இல் ஆரோன் ஐயர் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். உபதேசியாராக அரும்பணி ஆற்றிய இராஜநாயக்கனுக்கோ அப்பட்டம் கிட்டவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்தவர் கையிலிருந்து மற்றவர் நற்கருணை பெறமாட்டார் என்னும் அச்சமே தடையாயிற்று. 1706-இல் வந்து இறங்கிய சுவிசேஷம் ஒரு தலைமுறைக்குள்ளேயே அச்சத்துக்கு வழிவிட்டது.

1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டார். சென்னை வேப்பேரியிலும், தஞ்சையிலும், திருச்சிராப்பள்ளியிலும் எதிர்ப்பு மூண்டது. திரளானோர் சபையைவிட்டு அகன்றனர். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடு, சாதியைத் துறக்காதவர் சபையில் சேர்க்கத் தக்கவரல்லர் என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் சங்கம் ஒன்றே அதனின்று விலகி நின்றது. சமபந்தி அருந்துவது சாதி துறந்தமைக்குச் சோதனையாகக் கொள்ளப்பட்டது. அந்தியோகியாவின் பந்தியே மீண்டும் நடுவிடத்துக்கு வந்தது.

சேலத்தில் இலண்டன் மிஷனெரி சங்கம் 1827-இல் ஹென்றி கிறிஸ்ப் ஐயரைக் கொண்டு பணி தொடங்கியது. அச்சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 முதல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. நோபிலி மதிப்புடன் வரவேற்கப்பட்ட சேந்தமங்கலத்துக்கு 1907-இல் பாப்திஸ்து மிஷனெரி ஜெசி பிராண்ட் வந்தார். அங்கிருந்து கொல்லிமலைக்கு ஏறி, 1929-இல் அங்கேயே காய்ச்சலால் மறைந்தார். அவர் மனைவி எவலின் அம்மையார், ஓய்வு பெறும் வயதில் மலைக்குத் திரும்ப விரும்பியபோது சங்கத்தார் இசையவில்லை. அம்மையார் சங்கத்தின் பொறுப்பிலிருந்து விலகித் தாமே மலைக்குச் சென்று, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறையும்வரை உழைத்தார். சொந்தச் சபையின் மறுப்பை எதிர்கொண்ட உண்மைக்கு இச்சமவெளி ஒருமுறைக்கு மேல் சாட்சியாயிருக்கிறது.

8. இன்று நமது பிரசங்க பீடத்தில்

நாம் இச்சமவெளியின் கிராமச் சபையொன்றில் ஊழியம் செய்த நாட்களில், கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்த ஒரு மண்கரை இருந்தது. ஒரு ஞாயிறன்று கலாத்தியர் 2-ஐப் பிரசங்கித்து, அக்கரையைக் குறித்தும் இரண்டு வார்த்தை சொன்னோம். ஆராதனைக்குப் பின் மூப்பர் ஒருவர் அமைதியாக வந்து, ஐயா, பிரசங்கம் நன்றாயிருந்தது, கரையை மட்டும் விட்டிருக்கலாம் என்றார். அடுத்த ஞாயிறு நாம் வேறொரு வேதபகுதியைத் தெரிந்துகொண்டோம். எவரும் நம்மை எதிர்க்கவில்லை, எவரும் சிறையிடவில்லை. ஒரு சொல்லின் மென்மையே நமக்குப் போதுமானதாயிருந்தது. நோபிலி சொல்லாது விட்டதைக் குறித்து எழுதும்போது, அந்தக் கரையை நினையாமல் எழுத நம்மால் இயலவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஊழியர்க்கும் மாணவர்க்கும் சில முடிவுகளைக் கூறலாம்.

முதலாவது, எதிர்ப்பு தன்னளவில் சத்தியத்துக்குச் சான்றாகாது. குற்றத்தினிமித்தம் பாடுபடுவதையும் நன்மையினிமித்தம் பாடுபடுவதையும் பேதுரு பிரித்துக் காட்டுகிறார் (1 பேதுரு 2:20). நோபிலி எதிர்க்கப்பட்டபோது, ஒரு காரியத்தில் அவர் சரியாயிருந்தார்; மற்றொன்றில் அவரை எதிர்த்தவர் பக்கமும் நியாயம் இருந்தது. நம்மை எதிர்ப்பவர் கூற்றில் மெய்யானது எவ்வளவு என்று முதலில் தேடுவது ஊழியனின் கடமை.

இரண்டாவது, எதிர்ப்புக்கு விடை கூறும் முறையும் சத்தியத்தின் பகுதியே. நோபிலி கற்றார், எழுதினார், காத்திருந்தார், கீழ்ப்படிந்தார், பணியை நிறுத்தவில்லை. திருச்சபைக் குழுக்களில் தோற்றவுடன் புதுச்சபை தொடங்குவதும், துண்டுத் தாள்களில் பழிதூற்றுவதும் அவர் வழியன்று.

மூன்றாவது, நாம் துணிந்து பேசும் சத்தியங்களைக் காட்டிலும் நாம் நயமாய்த் தவிர்க்கும் சத்தியங்களே நமது உண்மையை அளக்கின்றன. ஒவ்வொரு காலத்திலும் ஊழியனுக்குப் பேச எளிதான சத்தியம் ஒன்றும், பேச அரிதான சத்தியம் ஒன்றும் உண்டு. வெளியாரின் விக்கிரகத்தைக் கண்டிப்பது நமக்கு எளிது. நமது கல்லறைத் தோட்டத்தையும், திருமணப் பேச்சையும், சபைத் தேர்தலையும் ஆளும் சாதியைக் கண்டிப்பதே அரிது. மிகாயாவிடம் நானூறு தீர்க்கதரிசிகளின் சொல்லுக்கு ஒத்துப் பேசுமாறு தூதன் நயந்து வேண்டினான் (1 இராஜாக்கள் 22). அவ்வேண்டுகோளில் மிரட்டல் இல்லை. நமக்கும் அது பெரும்பாலும் அவ்வாறே வருகின்றது.

சேலத்துச் சாவடியில் இடமின்றிக் கிடந்த துறவியை நாம் புனிதராக்கவும் வேண்டாம், குற்றவாளியாக்கவும் வேண்டாம். கிறிஸ்து எந்த அந்நியக் குலத்துக்கும் உரியவரல்லர் என்னும் சத்தியத்துக்காக அவர் பழி சுமந்தார். கிறிஸ்துவின் பந்தி எந்தக் குலத்தாலும் பிளக்கப்படலாகாது என்னும் சத்தியம் அவருக்குப்பின் வந்தவர்களிடம் விடப்பட்டது. நமது மாணவர் நாளை இச்சமவெளியின் சபைகளுக்குப் போதகராய்ச் செல்வர். கரைகள் இன்னும் பல ஊர்களில் உள்ளன. அவற்றைக் குறித்த வேதபகுதியை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். மூப்பர் வந்து மென்மையாய்ப் பேசிய பின்னரும், அடுத்த ஞாயிறும் அதே பகுதியைத் திறக்கும் வல்லமையை ஆண்டவர் அவர்களுக்கு அருள்வாராக.